நுரையும் கூழாங்கல்லும்: வால்பாறைத் தவளைகளைத் தேடி

நாள் 1: ஆனைமலை

செப்டம்பர் கடைசி வாரம். நாளை மலையேற வேண்டும். இன்று ராத்திரி ஆனைமலையில் அத்தை வீட்டில் தங்கல். பையை இறக்கி வைத்ததும் குளிக்கப் போனேன். அத்தை பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“கண்ணு, உள்ள ஒரு தவக்களை இருக்குது. மேல குதிச்சிரப் போகுது, பாத்துப் போ.”

குழாய்க்கு மேலே, சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நெய்யில் வறுத்த முந்திரியின் நிறம். விரல் நுனி ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, தட்டையாக இருந்தது. மரத்தவளை. தமிழ்நாட்டில் கிணற்றடியோ குளியலறையோ இருக்கும் வீட்டில் இதைப் பார்க்காதவர் குறைவு. நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை அது அசையவில்லை.

“இதுக தொல்லை போதாதுன்னு, தொட்டிச் செவுத்துல எச்சலாட்டம் நுரைநுரையா என்னமோ ஒட்டிக் கெடக்குது. வெளக்குமாத்துல தேச்சுத் தேச்சுக் கை ஓஞ்சு போச்சு” என்றார் அத்தை. துணி சோப்பு நுரையாக இருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். விலங்கியல் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

என் விலங்கியல் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் இரண்டு தவளைகளை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி அறுத்திருக்கிறேன். இதயத்துக்கு மூன்று அறை என்று படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். முட்டை, தலைப்பிரட்டை, வால் உள்ள குட்டி, தவளை என்று வட்டமாக அம்புக்குறி போட்ட படத்துக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு தவளை கத்தும்போது அதன் தொண்டை என்ன ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. தவளைக் குரல்களைப் பதிவு செய்து ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டதற்குக் காரணம் அதுதான்.

சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போனோம். ஆனைமலைப் பக்கம் ஆழியாற்றுப் பாசனத்தில் இன்னும் நெல் நிற்கிறது. தென்னந்தோப்புகளுக்கு நடுவில் அந்தப் பச்சை ஒரு அதிசயம்தான். வரப்பில் கால் வைத்ததுமே இரண்டு பக்கமும் ‘பிளக், பிளக்’ என்று குதித்தன. வாய்க்காலில் கண்கள் மட்டும் மேலே தெரிய மிதந்த ஒன்று, டார்ச் பட்டதும் தட்டையான கல்லை வீசினாற்போல் தண்ணீர்மேல் தத்தித் தத்தி ஓடியது. அப்புறம், வரப்பு வளைவில் உள்ளங்கை கொள்ளாத ஒரு பெருந்தவளை. முதுகில் நீள நீளமாக மடிப்புகள், நடுவில் ஒரு மஞ்சள் கோடு.

“நீங்க மூணு மாசம் லேட்டு” என்றார் நண்பர். முதல் பெருமழை இறங்கும் ராத்திரியில் இந்த ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடுமாம். தொண்டையின் இரு பக்கமும் நீல நிறத்தில் இரண்டு பைகள் உப்பும். கூத்து முடிந்ததும் பழையபடி சேற்று நிறம்.

தண்ணீர் கட்ட வந்த பெரியவர் ஒருவர் எங்கள் வெளிச்சத்தைப் பார்த்து நின்றார். தவளை பார்க்கிறோம் என்றதும் சிரித்துவிட்டார்.

“நாங்க புடிச்சோம், நீங்க பாக்கறீங்களாக்கும். பெட்ரோமாக்ஸ் வெளக்கத் தூக்கிட்டுச் சாக்கோட வருவோமுங்க. வெளிச்சத்துக்கு அப்படியே ஒக்காந்துக்கும். கேரளாவுலருந்து வண்டி வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போவாங்க. காலு மட்டுந்தான் வேணுமாம், கப்பல்ல போகுமாம்.”

1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. பெரியவருக்கு ஆண்டெல்லாம் நினைவில்லை. வண்டி வராமல் போனது மட்டும் நினைவிருக்கிறது. “அப்ப இருந்த சத்தத்துல காப்பங்கூட இப்ப இல்லீங்க” என்று சொல்லிவிட்டு மடையைத் திருப்பப் போனார். பிடித்ததால் குறைந்ததா, மருந்தடித்ததால் குறைந்ததா, வயல் தோப்பானதால் குறைந்ததா என்று கேட்டேன். “எல்லாந்தான்” என்றார் திரும்பிப் பார்க்காமல்.

நாள் 2: நாற்பது வளைவு, ஒரு கட்டைவிரல்

ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடு பார்த்தோம். எல்லோரும் பார்ப்பதுதான், எல்லோரும் எழுதியதுதான், விட்டுவிடுகிறேன்.

வால்பாறையைக் காட்டு ஊர் என்பது பாதி உண்மை. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், பெரும்பாலும் தேயிலை. இடையிடையே வெட்டாமல் தப்பிய மழைக்காட்டுத் துண்டுகள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காப்பகத்துக்குள் ராத்திரியில் கால்வைக்கக் கூடாது, நாங்களும் வைக்கவில்லை. எஸ்டேட் நிர்வாகத்திடம் எழுதி வாங்கிய அனுமதியோடு, எஸ்டேட் பாதை, ஓடைக்கரை, காட்டுத் துண்டின் ஓரம், அவ்வளவுதான் எங்கள் எல்லை. கூட வந்தவர் அங்கே இருபது வருஷமாக வாட்சர் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். தவளைக்கு வழிகாட்ட அல்ல, காட்டுமாடும் சிறுத்தையும் எங்கே நிற்கும் என்று மோந்து சொல்ல.

ஏழு மணிக்கு இருட்டு முழுசாக இறங்கியதும் தொடங்கியது. ‘டிக்... டிக்... டிக்டிக்டிக்.’ ஒருபக்கம் யாரோ கூழாங்கல் இரண்டைத் தட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் பழைய தையல் மெஷின். தலைக்கு மேலே, கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாதது போல ஒரு கிரீச். எல்லாமே புதர்த்தவளைகள் என்றார் நண்பர். உருவத்தை வைத்து இனம் சொல்வது அவருக்கே கஷ்டம், குரலை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஒரே இனத்தில் ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு, ஒன்று கோடு போட்டது என்று இருக்குமாம்.

சத்தம் வருமிடத்தைத் தேடிப் போனால் சத்தம் நின்றுவிடும். இதற்கு ஒரு வித்தை இருக்கிறது. இரண்டு பேர் பத்தடி தள்ளித் தள்ளி நின்று டார்ச்சை அணைத்துவிட வேண்டும். அது மறுபடி தொடங்கும்வரை மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். தொடங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் சத்தம் வரும் திசைக்கு நேராக டார்ச்சை அடிக்க வேண்டும். இரண்டு வெளிச்சக் கோடும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே தவளை. கேட்க எளிது. முதல் முறை எங்கள் கோடுகள் ஒரு ஏலக்காய்ப் புதரில் சந்தித்தன, அங்கே ஒன்றுமில்லை. இரண்டாவது முறை இன்னும் கீழே. மூன்றாவது முறை நான் காட்டிய திசையை நண்பர் நம்பவே இல்லை. அட்டை என் முழங்காலுக்கு ஏறிவிட்டது, அதைத் தட்டிவிடக்கூட அசைய முடியவில்லை.

நாலாவது முறை கிடைத்தது. நான் தலை உயரத்தில் தேடிக்கொண்டிருந்தேன், அது என் இடுப்பளவு உயரத்தில், கண்முன்னே ஓர் இலைமேல் இருந்தது. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நண்பர் விளக்கைச் சிவப்புக்கு மாற்றினார். ஒரு நிமிஷம் போயிருக்கும். வயிறு சுருங்கியது, தொண்டை ஊதியது, ஊதி ஊதிக் கடைசியில் தவளை பாதி, பலூன் பாதி. அந்தப் பலூன் இவ்வளவு மெல்லியது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. இலையின் நரம்பு அதன் வழியாக மங்கலாகத் தெரிந்தது. ‘டிக்’ என்றது. அத்தனை சிறிய உடம்பிலிருந்து அத்தனை பெரிய சத்தம் வந்ததில் நான் ஒரு கணம் பின்வாங்கினேன்.

பக்கத்தில் குளமில்லை, குட்டையில்லை. “முட்டை எங்கே போடும்?” என்றேன்.

“தண்ணியே வேண்டாம்” என்றார் நண்பர். இந்தக் கூட்டத்தில் தலைப்பிரட்டையே கிடையாது. இலையிலோ ஈரச் சருகிலோ முட்டை இடும். நீந்தித் திரிய வேண்டிய பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே முடிந்து, வெளியே வரும்போதே கால் முளைத்த குட்டித் தவளையாக வரும். தெற்கே களக்காடு முண்டந்துறைப் பக்கம் இன்னும் விசேஷம். அங்கே ஒரு வகை, மூங்கில் கணுக்களுக்கு இடையில் இருக்கும் சின்னப் பிளவு வழியாக உள்ளே நுழைந்து முட்டையிடுகிறது, ஆண் தவளை உள்ளேயே இருந்து காவல் காக்கிறது. இங்கே சருகைக் கிளறிக் காட்டச் சொன்னேன். மறுத்துவிட்டார். கிளறினால் ஈரம் போய்விடும், முட்டை காய்ந்துவிடும். போனில் இருந்த படத்தைக் காட்டினார். ஜவ்வரிசி மாதிரி முட்டை, உள்ளே மடங்கிய கால்.

என் அம்புக்குறிப் படத்தில் ஓர் அம்பு விழுந்தது.

அட்டைக் கணக்கு: பதினொன்று. அண்ணன் மூக்குப்பொடி கொடுத்தார். காலுக்குத் தடவிக்கொள்ளலாம், கைக்குத் தடவாதே என்று நண்பர் தடுத்தார். தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது, நம் கையில் இருக்கும் கொசு மருந்து, பொடி எல்லாம் அதற்கு விஷம். ஆகவே தொடுவதே இல்லை. ஓர் ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகும்போது செருப்பைக்கூடக் கிருமிநாசினியில் கழுவுகிறார். தவளைத் தோலைத் தாக்கும் பூஞ்சை நோயை நாமே காலில் சுமந்து போகக்கூடாது என்பதற்காக.

நாள் 3: காலைத் தூக்கி ஆடுவோர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கீல் கிரீச்சிட்டது போன்ற சத்தம் தவளை அல்ல, பூச்சியாம். பதிவை மறுபடி கேட்டுவிட்டு நண்பர் காலையில் சொன்னார். சந்தோஷமாக இருந்தது, அவரும் தப்பு செய்கிறார்.

இன்று பகல் வேலை. காப்பித் தோட்டத்துக்குக் கீழே நிழலான ஓடை. மழை இரண்டு நாளாகக் குறைந்து தண்ணீர் கொஞ்சம் வடிந்திருக்கிறது. இந்தத் தருணத்துக்காகத்தான் செப்டம்பர் கடைசியில் கூப்பிட்டிருக்கிறார். நடனத் தவளைகள் மற்றவை மாதிரி ஜூன் மழையில் கும்மாளம் போடுவதில்லை, வெள்ளம் வடிந்து பாறை தலைகாட்டிய பிறகே தொடங்குகின்றன.

அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்து பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறை, பாசி, நுரை, பாறை. நண்பர் விரலைக் காட்டினார். நான் கால் மணி நேரமாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்த கல்லில் அது உட்கார்ந்திருந்தது. ஒன்றரை அங்குலம்கூட இருக்காது, ஈரக் கல்லின் அதே பழுப்பு.

அது கத்தியது. ஓடை இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை, தொண்டை ஊதியதை மட்டும் பார்த்தேன். அப்புறம் வலது பின்னங்காலை மெதுவாகப் பின்னால் நீட்டியது. சோம்பல் முறிக்கிறது என்று நினைத்தேன். முழுசாக நீட்டி, நுனியில் ஐந்து விரலையும் விசிறியாக விரித்தது. விரலிடைச் சவ்வு அந்த இருட்டில் வெளேரென்று தெரிந்தது. ஒரு நொடி அப்படியே பிடித்து, மடக்கிக்கொண்டது. அடுத்து இடது கால். நாலு அடி தள்ளி இன்னொரு கல்லிலிருந்து இன்னொரு வெள்ளை விசிறி பதில் சொன்னது. முதல் ஆசாமி உடனே திரும்பி உட்கார்ந்து, வேகமாக இரண்டு தடவை நீட்டினார். நிலத்தகராறு. கத்தினால் கேட்காத இடத்தில் வேறென்ன செய்வது? சந்தை நெரிசலில் நாம் கையைத் தூக்கி ஆட்டுவதில்லையா?

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய கூட்டம் இது. 2014இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் ஒரே கட்டுரையில் 14 புதிய நடனத் தவளை இனங்களை விவரித்தார்கள். அப்படியும் இவற்றின் தலைப்பிரட்டை எங்கே இருக்கிறது என்பது 2016 வரை யாருக்கும் தெரியாது. பெண் தவளை ஓடையின் அடியில் பின்னங்காலால் குழி பறித்து, முட்டையிட்டு, கூழாங்கல்லும் மணலும் தள்ளி மூடிவிடுகிறது. பிறக்கும் தலைப்பிரட்டைகள் அந்த மணலுக்குள்ளேயே, விலாங்கு மாதிரி நீண்ட உடம்போடு, கண்ணைத் தோல் மூடியிருக்க, புதைந்து வாழ்கின்றன. ஓடையில் நின்று தேடியவர்கள் அவற்றின்மேலேயே நின்றிருப்பார்கள். இதை நண்பர் சொன்னபோது நான் ஓடையில் கணுக்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தேன். மெதுவாகக் கரையேறினேன்.

இரவு. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி, அதற்குத் தண்ணீர் எடுக்கும் ஒரு குழி. குழிமேல் ஒரு மரம் சாய்ந்திருக்கிறது. இங்கேதான் பறக்கும் தவளை வரும் என்றார் அண்ணன், ஏதோ பால்காரர் வரும் நேரத்தைச் சொல்வது போல. எட்டரைக்கு வந்தது. உச்சியிலிருந்து பறந்து இறங்கும் என்று காமிராவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது கிளைமேல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து வந்தது. வாழைக்குருத்துப் பச்சை. விரலிடையில் மட்டும் செங்காவி ஆரஞ்சு. தாவும்போது அந்தச் சவ்வுகளை விரித்துக் காற்றில் சறுக்கும், அதைத்தான் பறப்பது என்கிறோம். இந்த ஆனைமலை இனத்தைத் தனி இனமென்று விவரித்தது 2000இல்தான்.

கொஞ்ச நேரத்தில் பெரிய பெண் ஒன்று, முதுகில் சிறிய ஆணைச் சுமந்தபடி, தண்ணீருக்கு நேர்மேலே ஒரு கிளைநுனியில் வந்து அமர்ந்தது. பின்பக்கத்திலிருந்து ஏதோ கசிந்தது. பின்னங்கால்கள் இரண்டும் அசையத் தொடங்கின. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. தயிர் கடைவது போல ஒரே தாளம். கசிவு நுரைத்தது. நுரை பெருத்தது. நடுவில் நிறுத்தி இளைப்பாறியது, மறுபடி கடைந்தது. பக்கத்து இலைகள் நுரையில் ஒட்டி மடிந்தன. ஒன்பதே முக்கால் வரை பார்த்தோம், என் கால் மரத்துப்போனது, அது நிறுத்தவில்லை. முட்டை அந்த நுரைக்குள். வெளிப்பக்கம் காய்ந்து ஓடாகும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் சொட்டும்.

நுரை. தொட்டிச் சுவர். வெளக்குமாறு.

“வீட்டு மரத்தவளையும் இப்படித்தான் கூடு கட்டுமா?” என்று கேட்டேன். “அதுவும் இதே குடும்பந்தானே” என்றார் நண்பர். போனில் சிக்னல் இல்லை.

நாள் 4: சிவப்பு விளக்கு

காலையில் ஒரு கோடு சிக்னல் வந்ததும் அத்தையைக் கூப்பிட்டேன்.

“நேத்துத்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தமா கழுவுனேன் கண்ணு. ஏன், நீ இங்க சோப்பத் தேச்சு வெச்சுட்டுப் போனியா?”

அது தவளை முட்டை என்று சொன்னேன். நீண்ட மௌனம். “அய்யய்யோ, கையால தொட்டனே” என்றார்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. மாலையில் பாதையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். போனிலிருந்தே அந்த விளக்கை எரிய வைக்கலாம். 2011லிருந்து வால்பாறையில் இந்த ஏற்பாடு இருக்கிறது. வெளியே போகவில்லை. அண்ணன் வீட்டில் கறுப்புத் தேநீரும் அவித்த மரவள்ளியும்.

பேச்சு ஊதாத் தவளைக்குப் போனது. வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று கிடந்துவிட்டு, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இணை சேர மேலே வரும் ஆசாமி. பன்றி மூக்கு, ஊதிய உடம்பு. 2003இல் அதற்கென்றே புதிய குடும்பப் பெயர் வைக்க வேண்டி வந்தது. அதற்கு நெருங்கிய சொந்தம் கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது, இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவு. 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையிலிருந்து இரண்டாவது இனத்தை விவரித்து, மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்தார்கள். அதன் தலைப்பிரட்டைகள் வாயாலேயே பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு காட்டாற்று வெள்ளத்தில் நிற்கும் என்று நண்பர் சொன்னார். அண்ணன் ஒரு மரவள்ளித் துண்டை எடுத்துக்கொண்டே, “நம்ம மழைக்கு நம்மளே நிக்க முடியல” என்றார்.

இன்று பார்த்த தவளை: ஒன்று. அண்ணன் வீட்டு அடுப்படி மூலையில் ஒரு சொறித்தவளை. அவர் மகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள், சொல்ல மாட்டாளாம்.

நாள் 5: இறக்கம்

காலையில் இறங்கினோம். ராத்திரி முழுக்கப் பெய்த மழைக்குச் சாலை பளபளவென்று கிடந்தது. தேயிலைப் பகுதி முடிவதற்குள் நசுங்கியவை இருபத்தெட்டு வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. காய்ந்து காகிதம்போல் ஒட்டியிருந்தவற்றில் எது என்ன இனம் என்று நண்பராலும் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஓடை, நடுவில் தார். ஈர ராத்திரியில் அவை கடந்தே தீர வேண்டும், தாரின் வெதுவெதுப்பில் சில அங்கேயே உட்கார்ந்தும் விடும். மழை ராத்திரியில் இந்தப் பாதையில் வண்டி ஓட்ட வேண்டி வந்தால் மெதுவாகப் போங்கள். இலை கிடப்பது போலத் தெரியும், இலையாக இருக்காது.

மதியம் அத்தை வீடு. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வா, வந்து பாரு. மறுபடி வெச்சிருக்குது.”

தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, உள்ளங்கை அகல நுரை. புதுசு, இன்னும் வெள்ளை. வெளியே மெல்லிய ஆடை படரத் தொடங்கியிருந்தது. குழாய்க்கு மேலே, அதே இடத்தில், அதே முந்திரி நிறம். அத்தை இந்த முறை கழுவவில்லை. வெளக்குமாற்றைத் தொட்டிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். குளிக்க வேறு ட்ரம்மில் தண்ணீர் பிடித்திருந்தார்.

“இது எத்தனை நாளைக்கு?”

நுரை சில நாள்தான் அத்தை, அப்புறம் தலைப்பிரட்டை தண்ணியில் விழும் என்றேன்.

“உழுந்தா?”

“அதுக்குக் கால் முளைச்சு வெளியில் வர ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் ஆகும். அதுவரை தொட்டியைக் காலி பண்ணாம இருந்தா...”

“ரெண்டு மாசமா?” அத்தை தொட்டியைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்பத் தீவாளிக்கு ஊட்டுல அத்தனை பேரும் எண்ணெ தேச்சு எங்க குளிக்கறது?”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். நேரம் ஆகவில்லை.